எம்டனில் இல்லாத செண்பகராமனும் டிரங்குப் பெட்டியில் இருக்கும் பட்டாளக்காரரும்

செப்டம்பர் 22 நெருங்கும்போதெல்லாம் சமூக ஊடகங்களில் ஒரே செய்தி பலமுறை பகிரப்படுகிறது. 1914ஆம் ஆண்டு அந்நாளின் இரவில் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பது அச்செய்தி. சில வடிவங்களில் அவர் கப்பலின் பொறியாளர். வேறு சிலவற்றில் இரண்டாம் நிலைத் தளபதி. சென்னை மக்களின் உயிருக்குச் சேதம் வராதபடி குண்டுகளைக் குறிபார்க்கச் சொன்னவரும் அவரே என்று முடியும் வடிவமும் உண்டு. பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை எனத் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுக்குள் புழங்கும் எல்லையோர ஊர்களில் இக்கதைக்குத் தனி மதிப்பு உண்டு. செண்பகராமன் 1891இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். அவருடைய குடும்ப வேர் நாஞ்சில் நாட்டில் உள்ளது. இரண்டுக்கும் இடைப்பட்ட இவ்வூர்களில் வாழ்வோர் அவரை இரு மொழியிலும் உரிமை கொண்டாட முடியும்.

இக்கதையை மறுப்பவர் தமிழ்ப் பற்றில்லாதவர் என்று கருதப்படுவது மேடைகளில் புதிதன்று. ஆயினும் கல்விப்புலத்தில் இருப்போர் ஒன்றை மறந்துவிடக் கூடாது. 'இன்னார் இந்தக் கப்பலில் பணியாற்றினார்' என்பது ஒரு போர்ப்பணி உரிமைகோரல். அதைச் சோதிப்பதற்கென்று வரையறுத்த முறைகள் உள்ளன. ஒரு ஜெர்மானியச் சிப்பாய் எந்தப் படைப்பிரிவில், எந்தக் காலத்தில், எந்தப் போர்முனையில் இருந்தார் என்பதை அவருடைய பேரப்பிள்ளைகள் எவ்வாறு தேடுகிறார்களோ, அவ்வாறே செண்பகராமனின் எம்டன் பணியையும் தேடலாம். தேடினால் கிடைக்கும் விடை அவரைச் சிறுமைப்படுத்துவதில்லை. அதே முறை, எல்லையோர ஊர்களின் பெயர் தெரியாத பட்டாளக்காரர்களுக்கு ஒருவரும் இதுவரை செய்யாத நியாயத்தைச் செய்யவும் உதவும்.

முதலில் முறையைப் பார்க்கலாம். முதல் உலகப் போர்க்காலத்து ஜெர்மானியப் படைவீரர் ஒவ்வொருவரிடமும் 'மிலிட்டேர்பாஸ்' என்னும் சிறு புத்தகம் இருந்தது. பிறந்த ஊர், தொழில், படையில் சேர்ந்த நாள், மாற்றப்பட்ட பிரிவுகள், பங்கேற்ற சண்டைகள், பெற்ற விருதுகள், நடத்தை, இடப்பட்ட தடுப்பூசி ஆகியவை அதில் பதியப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் 'சோல்ட்புக்' என்னும் சம்பளப் புத்தகமே அடையாளச் சீட்டாகவும் பயன்பட்டது. இவை குடும்பத்தாரிடம் எஞ்சும் காகிதங்கள். அரசிடம் எஞ்சுபவை வேறு: படைப்பிரிவின் பெயர்ப் பதிவேடுகள், அச்சிட்டு வெளியிடப்பட்ட இழப்புப் பட்டியல்கள், மருத்துவமனைக் குறிப்புகள், போர்க்கைதிகளின் அட்டைகள். ஒரு காகிதம் சொல்வதை இன்னொன்று உறுதிப்படுத்தும்போதுதான் அது பணிவரலாறாகக் கொள்ளப்படும். தாத்தா சொன்ன கதை தேடலைத் தொடங்கிவைக்கலாம். முடிவைத் தருவது காகிதங்களின் ஒப்பீடே.

இம்முறையில் மிகப் பெரிய சிக்கல் காகிதம் இல்லாத இடத்தில்தான் எழுகிறது. பிரஷ்யப் படையின் ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் நகரின் மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. எனவே பிரஷ்யக் காலாட்படையில் பணியாற்றிய ஒருவருடைய பெயர் இன்று எங்கும் கிடைக்கவில்லையென்றால், அவர் படையில் இல்லை என்று முடிவு கட்ட இயலாது. பவேரியப் படைவீரர் ஒருவருடைய நிலை வேறு. பவேரியாவின் பதிவேடுகள் மியூனிக்கில் பிழைத்திருக்கின்றன. அங்கே பெயர் இல்லையென்றால் அந்த இன்மைக்குப் பொருள் உண்டு. ஆவணத்தின் மௌனம் எல்லா இடத்திலும் ஒரே பொருள் தருவதில்லை. பதியப்பட்டுப் பின் எரிந்துபோனதால் வந்த மௌனம் ஒன்று. பதிந்திருக்க வேண்டிய இடத்தில் பதிவு இல்லாததால் வரும் மௌனம் மற்றொன்று. யாரும் தேடிப் பார்க்காததால் நிலவும் மௌனம் மூன்றாவது. ஆய்வு மாணவர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, தம் முன்னால் இருப்பது இவற்றுள் எது என்பதே.

எம்டனைப் பொறுத்தவரை இருப்பது இரண்டாம் வகை மௌனம். கடற்படை ஆவணங்களுக்குப் போட்ஸ்டாமின் கதி நேரவில்லை. போரின் இறுதிக் கட்டத்தில் அவை டம்பாக் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தன. அங்கே நேசநாடுகளின் கையில் அகப்பட்டு, லண்டன் சென்று, பிற்காலத்தில் ஜெர்மனிக்குத் திரும்பின. எம்டன் 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியால் வீழ்த்தப்பட்டது. அதில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர் பெயர்கள் பட்டியலிடப்பட்டன. உயிர்தப்பியவர்கள் போர்க்கைதிகளாயினர், கைதிகளின் பெயர்களைப் பிடித்த நாடும் எழுதிவைத்தது, ஜெனிவாவின் செஞ்சிலுவைச் சங்கமும் அட்டைகளில் தொகுத்தது. கரையிறங்கியிருந்த ஏறத்தாழ 50 பேர் ஹெல்முத் ஃபோன் மியூக்கேயின் தலைமையில் 'அயேஷா' என்ற பாய்மரக் கப்பலில் தப்பி, அரேபியா வழியாகக் கான்ஸ்டான்டிநோபிளை அடைந்தனர். அப்பயணத்தை மியூக்கே நூலாகவே எழுதினார். கப்பலில் துணி வெளுத்த சீனத் தொழிலாளர்கள்கூடப் பதிவில் இருக்கிறார்கள். போருக்குப் பின் எம்டனில் பணியாற்றி உயிர்தப்பியவர்கள் தம் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்பதைச் சேர்த்துக்கொள்ளும் உரிமை பெற்றனர். செண்பகராமன் 1934இல் இறக்கும்வரை பெர்லினில் வாழ்ந்தவர். அவருடைய பெயரோடு அந்த ஒட்டு சேரவில்லை. இத்தனை பக்கங்களிலிருந்து இத்தனை பேர் எழுதிவைத்த ஒரு கப்பலில், ஓர் இந்தியர் மட்டும் எல்லாருடைய கண்ணிலும் படாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை.

காலக்கணக்கும் இதையே சொல்கிறது. எம்டன் 1914 ஜூலை இறுதியில் சீனக் கரையிலுள்ள சிங்தாவ் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. செப்டம்பரில் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. செண்பகராமனோ அவ்வாண்டு ஜூன் மாதம் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் சர்வதேச இந்திய ஆதரவுக் குழுவைத் தொடங்கித் தலைமையேற்றிருந்தார். 1918இல் வெளியான ரௌலட் குழுவின் அறிக்கை அவரைப் பற்றித் தெளிவான குறிப்பைத் தருகிறது. 1914 செப்டம்பரில், செண்பகராமன் பிள்ளை என்ற தமிழ் இளைஞர் சூரிக்கிலிருந்த ஜெர்மானியத் தூதரக அதிகாரியை அணுகி, ஆங்கிலேய எதிர்ப்பு வெளியீடுகளை ஜெர்மனியில் அச்சிட அனுமதி கேட்டார் என்றும், அக்டோபரில் பெர்லினுக்குச் சென்று ஜெர்மானிய வெளியுறவுத் துறையின் கீழ்ப் பணியாற்றினார் என்றும் அது கூறுகிறது. சென்னையின் எண்ணெய்க் கிடங்குகள் எரிந்த அதே மாதத்தில் அவர் சூரிக்கில் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார்.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். ரௌலட் அறிக்கை பகைவரின் காகிதம். ஜாலியன்வாலா பாக் வரை கொண்டுசென்ற சட்டத்திற்கு அடித்தளமிட்டது. அதை நம்பி ஒரு விடுதலைப் போராளியின் வரலாற்றை எழுதலாமா? கேள்வி நேர்மையானது, விடையும் அந்தப் பகைமைக்குள்ளேயே இருக்கிறது. அவ்வறிக்கையின் நோக்கம் இந்தியப் புரட்சியாளர்களின் ஆபத்தைப் பெரிதாக்கிக் காட்டிக் கடுமையான சட்டத்தை நியாயப்படுத்துவது. சென்னையைத் தாக்கிய கப்பலில் ஒரு தமிழர் இருந்தார் என்ற செய்தி கிடைத்திருந்தால், அதைவிட அந்நோக்கத்துக்கு உதவும் செய்தி வேறில்லை. மறுபுறம் ஜெர்மானியருக்கும் அதே செய்தி பொன்னாக இருந்திருக்கும்; இந்தியச் சிப்பாய்களைத் தம் பக்கம் இழுக்கத் துண்டறிக்கைகள் அச்சிட்டுக்கொண்டிருந்தவர்கள் அதை மறைத்திருக்க மாட்டார்கள். ஒன்றுக்கொன்று எதிரான நோக்கம் கொண்ட இரு தரப்புக்கும் சொல்லியாக வேண்டிய காரணம் இருந்தும் இரண்டுமே சொல்லவில்லை. காலனிய ஆவணத்தை நம்புவதா, ஒதுக்குவதா என்று கட்சி பிரிவதைவிட, அந்த ஆவணம் எதைச் சொல்ல ஆசைப்பட்டிருக்கும் என்று கேட்டுப் படிப்பது பயன் தரும்.

கதை எங்கிருந்து முளைத்திருக்கலாம் என்பதற்கும் காகிதமே குறிப்புத் தருகிறது. பெர்லினில் அவர் நிறுவிய இந்திய தேசியக் கட்சி ஜெர்மானியப் படைத் தலைமையகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது என்று அதே அறிக்கை சொல்கிறது. 'இணைக்கப்பட்ட' என்ற அலுவலகச் சொல், மேடைத் தமிழில் 'படையில் சேர்ந்தார்' என்றாகி, பின்பு 'அதிகாரியானார்' என்றாகி, இறுதியில் அக்காலத்தில் எல்லாரும் அறிந்த ஒரே ஜெர்மானியப் படைச்சின்னமான எம்டனில் போய் ஏறியிருப்பது இயல்பே. அவர் உண்மையில் நடத்திய போர் சொற்களின் போர். குழு அமைத்தல், இதழ் நடத்துதல், வெளியீடுகளுக்கு அனுமதி பெறுதல், பேரரசின் சிப்பாய்களிடம் பேரரசுக்கு எதிராகப் பேசுதல் ஆகியவை அவருடைய பணி. இருபத்து மூன்று வயதில், அயல்நாட்டில் ஒருவர் இதைச் செய்தார் என்பது போதிய பெருமை. பீரங்கியை அவர் கையில் திணிப்பவர்கள் அவருடைய எழுதுகோலைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

பெயர்த் தேடலிலும் எல்லைப் பகுதி ஆய்வாளருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. செண்பகராமன், செம்பகராமன், சம்பகராமன் என்று ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்படுகிறது. அதோடு, செம்பகராமன் என்பது திருவிதாங்கூர் மன்னர்கள் அளித்த பட்டமாகவும் இருந்தது. வேலுத்தம்பி தளவாயின் முழுப்பெயர் வேலாயுதன் செம்பகராமன் தம்பி. எனவே திருவிதாங்கூர் ஆவணம் ஒன்றில் அச்சொல்லைக் கண்டவுடன் அது ஆளின் பெயர் என்று கொள்ள இயலாது. ஐரோப்பியக் கோப்புகளிலோ சாதிப் பெயரான 'பிள்ளை' குடும்பப் பெயராகி முதன்மை பெற்றுவிடும். அகரவரிசையில் தேடுபவர் வேறோர் எழுத்துக்குப் போக வேண்டும். பெயரியல் தெரியாமல் படைவரலாறு எழுதுவது இருட்டில் ஊசி தேடுவதைப் போன்றது.

கதையைக் காகிதம் மறுத்தது என்பதால் வாய்மொழி மரபு பயனற்றது என்று எண்ணுவதும் பிழை. தமிழில் 'எம்டன்' என்றால் கண்டிப்பானவர், எதையும் சாதித்துவிடும் சாமர்த்தியசாலி. மலையாளத்தில் 'எமண்டன்' என்றால் மிகப் பெரியது, பிரமாண்டமானது. சிங்களத்திலும் எம்டன் என்ற சொல் சூழ்ச்சித் திறன் மிக்கவரைக் குறிக்கிறது. மூன்றுக்கும் அக்கப்பலே மூலம் என்பது பரவலான விளக்கம். 1914 அக்டோபர் நடுவில் எம்டன் மினிக்காய் அருகே வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. அவற்றின் மாலுமிகளைச் செயின்ட் எக்பர்ட் என்ற கப்பலில் ஏற்றிக் கொச்சிக்கு அனுப்பிவைத்தது. அவ்வகையில் மேற்குக் கரைக்கும் நேரில் கண்ட சாட்சிகள் வந்து சேர்ந்தனர். இரு மொழியும் கலந்து புழங்கும் பாறசாலைப் பகுதியில் 'எம்டன்', 'எமண்டன்' ஆகிய இரண்டும் காதில் விழக்கூடியவை. எவர் எதை எந்தப் பொருளில் ஆள்கிறார் என்பது நல்லதொரு கள ஆய்வுக்கு உரிய பொருள்.

இங்கும் சோதனை தேவை. 'எமண்டன்' என்ற சொல் 1914க்கு முந்திய அச்சு நூலிலோ அகராதியிலோ கிடைத்துவிட்டால் கப்பல் விளக்கம் விழுந்துவிடும். தமிழ் காதுக்கு 'எமன்' என்ற ஒலி அருகில் இருப்பதும் பொருள் வளர்ச்சியில் பங்காற்றியிருக்கலாம். எப்படியாயினும், இச்சொற்கள் எதற்குச் சான்று என்பதை வரையறுக்க வேண்டும். ஒரு கப்பலின் பெயர் மூன்று மொழிகளில் பொதுச் சொல்லாகும் அளவுக்கு அச்சமும் வியப்பும் பரவின என்பதற்கு அவை சான்று. கப்பலில் யார் இருந்தார் என்பதற்குச் சான்று அல்ல. பணியாளர் பட்டியல் சொல்லும் செய்தியைச் சொல்லின் பொருள்மாற்றம் சொல்லாது. சொல்லின் பொருள்மாற்றம் சொல்லும் செய்தியைப் பணியாளர் பட்டியலும் சொல்லாது.

எம்டன் கதையின் வெளிச்சத்தில் மறைந்துபோனவர்கள் இருக்கிறார்கள். எம்டன் வீழ்வதற்குச் சில நாட்கள் முன்பு, 1914 நவம்பர் முதல் வாரத்தில், கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படை ஒன்று தரையிறங்கி, லெட்டோ ஃபோர்பெக்கின் ஜெர்மானியப் படையிடம் தோற்றுத் திரும்பியது. அதில் 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் இருந்தது. படைப்பிரிவின் பெயரில் ஊர் இருப்பதால் வீரர் எல்லாரும் அவ்வூரார் என்று கொள்ள முடியாது. ஆயினும் தென்னாட்டுச் சிப்பாய்கள் ஜெர்மானியரை நேருக்கு நேர் எதிர்கொண்ட போர்முனை அது. முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர்; இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையின் அளவு 25 லட்சமாயிற்று. செப்டம்பர் 22ஐ நினைவில் வைத்திருப்போரிடம் டாங்காவைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் விடை வராது. இல்லாத ஒருவரைக் கப்பலில் ஏற்றுவதில் காட்டும் ஆர்வம், இருந்த பலரைத் தேடுவதில் காட்டப்படவில்லை.

இது மூன்றாம் வகை மௌனம். எல்லையோர ஊர்களில் பட்டாளத்துக்குப் போனவர்களின் காகிதம் எரிந்துவிடவில்லை. அது பெரும்பாலும் வீட்டின் டிரங்குப் பெட்டியில் நிலப்பத்திரத்தோடும் ஞானஸ்நானச் சீட்டோடும் கிடக்கிறது. டிஸ்சார்ஜ் புத்தகம், சம்பளப் புத்தகம், பென்ஷன் ஆணை, பதக்கம், தணிக்கை முத்திரை குத்திய கடிதம் ஆகியவை அவ்வாறு எஞ்சக்கூடியவை. பதக்கம் மட்டும் மிஞ்சினாலும் பயன் உண்டு. முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரருக்குப் பெயர் பொறிக்காமல் வழங்கப்பட்ட பதக்கங்களில் இந்திய வீரருக்கு வழங்கப்பட்டவை பெயரோடு கிடைப்பதுண்டு. அவ்விளிம்பைப் படிக்காமலேயே பழைய உலோகமாக எடைக்குப் போட்டுவிட்டால், அத்தோடு ஒருவருடைய பணிவரலாற்றின் நுனியும் போய்விடும்.

காகிதம் கையில் இருந்தும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் போவதற்கு இப்பகுதியில் மொழியே காரணமாகிறது. நேசமணி, மாசிலாமணி, பொன்னுமணி போன்ற பெயர்களின் ஈற்றைப் பழைய சென்னை மாகாணத்தார் ஆங்கிலத்தில் 'மணி' என ஒலிக்கும்படி எழுதினர். திருவிதாங்கூரிலோ 'மோனி' என்று படிக்கத் தோன்றும் எழுத்துக்கூட்டலே வழக்கம். மார்ஷல் நேசமணியின் பெயர் இன்றும் ஆங்கிலத்தில் அவ்வாறே எழுதப்படுகிறது. ஏசுவடியான் என்ற பெயரை ஆங்கிலத்தில் மூன்று வெவ்வேறு எழுத்துகளில் தொடங்கலாம். வீட்டுப்பெயர் முன்னால் வருமா, தந்தை பெயரா, முதலெழுத்து மட்டுமா என்பதும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஆள் சேர்த்த எழுத்தர் கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று. சென்னை முறையில் தேடுபவருக்குத் திருவிதாங்கூர் முறையில் பதியப்பட்டவர் அகப்படமாட்டார். 'பதிவு இல்லை' என்று திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் சிலவற்றுக்கேனும் உண்மையான காரணம் ஓர் உயிரெழுத்தாக இருக்கலாம். ஒரு குடும்பத்தின் நினைவும் சில வேளைகளில் அதன் உரிமையும் அந்த ஓர் எழுத்தில் தொங்குகின்றன.

எல்லையும் தன் பங்குக்குச் சிக்கலைக் கூட்டியது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குச் சென்றது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் ஒரு வீடும் பாறசாலையில் மறு வீடுமாக வாழ்ந்த சகோதரர்களின் காகிதங்கள் அன்றுமுதல் இரு மாநிலங்களின் அலுவலகங்களுக்குப் பிரிந்தன. அதற்கு முந்திய திருவிதாங்கூர் அரசின் ஆவணங்களைத் தேடும் குமரி மாவட்டத்தவர் திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. திருவிதாங்கூர்ப் படையோ இந்திய இராணுவத்தோடு இணைக்கப்பட்டு, மெட்ராஸ் படைப்பிரிவின் 9ஆம், 16ஆம் பட்டாலியன்களில் தொடர்கிறது. அப்படைப்பிரிவின் மையம் நீலகிரியின் வெலிங்டனில் உள்ளது. ஒரே ஆளின் வாழ்வு ஆங்கிலத்தில் டிஸ்சார்ஜ் புத்தகமாகவும் மலையாளத்தில் அரசு ஆணையாகவும் தமிழில் மனைவிக்கு எழுதிய கடிதமாகவும் மூன்று இடங்களில் கிடக்கலாம். மூன்றையும் ஒருங்கே படிக்கக் கூடியவர்கள் இந்த எல்லையோர ஊர்களில் வளர்ந்த மாணவர்களே. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அத்தகையோர் இருப்பார்கள் என்று உறுதி கூற முடியாது. பள்ளி மொழி ஒன்றாகச் சுருங்கிவரும் தலைமுறை இது.

என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு முன்மாதிரி ஜெர்மனியிலேயே இருக்கிறது. 1915 முதல் 1918 வரை, வில்ஹெல்ம் டேகனின் முயற்சியில் அமைந்த பிரஷ்ய ஒலிப்பதிவுக் குழு போர்க்கைதி முகாம்களில் பல்வேறு மொழி பேசுவோரின் குரலைப் பதிவு செய்தது. பெர்லினுக்குத் தெற்கேயுள்ள வூன்ஸ்டார்ஃப் முகாமில் இந்தியச் சிப்பாய்களின் குரல்களும் பதியப்பட்டன. அவ்விசைத்தட்டுகள் இன்று ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்தில் உள்ளன. ஒவ்வொரு பதிவோடும் ஓர் ஆள்விவரப் படிவம் உண்டு. எங்கே பிறந்தார், ஆறு வயதுவரை எங்கே வளர்ந்தார், பெற்றோர் எவ்வூரார், தாய்மொழி எது, வேறெந்த மொழி பேசுவார், எதில் படிப்பார், எதில் எழுதுவார், பாடுவாரா என்றெல்லாம் அது கேட்கிறது. சொந்தப் படை அவரிடம் கேட்காத கேள்விகளை எதிரி நாட்டின் மொழியியலாளர் கேட்டார். அக்கைதிகளுக்கு மறுக்கும் சுதந்திரம் இருந்ததா என்பதே ஐயம். அவ்வகையில் அது பின்பற்றத் தக்க நெறியன்று. கேள்விகள் மட்டும் பின்பற்றத் தக்கவை.

நெய்யாற்றின்கரை, விளவங்கோடு தாலுகாக்களின் கல்லூரிகளில் வரலாறும் மொழியியலும் தமிழும் மலையாளமும் பயில்வோர் இணைந்து இத்தகைய படிவம் ஒன்றை உருவாக்கலாம். மூலக் காகிதத்தை வீட்டாரிடமிருந்து வாங்க வேண்டியதில்லை. கைப்பேசியில் இருபுறமும் படமெடுத்து, மூலத்தை அவர்களிடமே விட்டுவிடலாம். பெயரைக் காகிதத்தில் உள்ளபடியே ஓரிடத்திலும், வீட்டார் ஒலிக்கும்படி மற்றோரிடத்திலும் எழுத வேண்டும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் திருத்தக் கூடாது. பாட்டி சொல்லும் கதையைத் தனியே, சொன்னவர் உறவும் சொன்ன நாளும் குறித்துப் பதிய வேண்டும். கதையும் காகிதமும் முரண்பட்டால் முரணையே குறித்துவைக்க வேண்டும். எண், படைப்பிரிவு, முத்திரை, தேதி ஆகியவை தெளிவில்லையெனில் ஊகித்து நிரப்பாமல் வெற்றிடமாக விட வேண்டும். வெளியிடுவதற்கு வீட்டாரின் எழுத்துமூல இசைவு வேண்டும். தண்டனை, நோய், தப்பியோட்டம் ஆகியவை பற்றிய குறிப்புகள் பட்டாளக் காகிதங்களில் இருக்கும் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெரிய நிதி எதுவும் இதற்குத் தேவையில்லை. எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளின் பட்டியல் ஒன்று தயாரானால், அதுவே இரு மாநிலங்களிலும் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் பயன்படுத்தும் கருவியாகிவிடும்.

இதில் எதுவும் செண்பகராமனுக்கு எதிரானதன்று. 1966இல் அவருடைய அஸ்தி இந்தியக் கடற்படைக் கப்பலில் தாயகம் வந்தது. சென்னை கிண்டியில் அவருக்குச் சிலை உண்டு. எம்டன் இல்லாமலேயே அவர் அந்த மரியாதைக்கு உரியவர். அவரைப் பற்றி எழுதும் மாணவர் 'எம்டனில் இருந்தார்' என்ற வரியை நீக்கிவிட்டு, 1914 செப்டம்பரில் அவர் சூரிக்கில் செய்ததை எழுதினால் ஆய்வேடு வலிமை பெறும். அந்த வரியை எடுத்த இடத்தில், டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த ஒரு பட்டாளக்காரரின் பெயரையும் எண்ணையும் படைப்பிரிவையும் சேர்க்க முடிந்தால், எல்லையோர ஊர்களின் போர் வரலாறு முதன்முறையாகச் சான்றோடு எழுதப்படும்.